சாமானோடு பார்க்கவும்

1. கேட்டில் இருந்த போர்டு

எங்கள் ஒர்க்‌ஷாப் கேட்டில் ஒரு போர்டு தொங்கியது. "வண்டியைக் காலி செய்துவிட்டு உள்ளே கொண்டு வரவும். பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். வாசகம் என்னுடையது. பெயின்டர் பக்கத்தில் நின்று எழுத்துப் பிழை பார்த்தவனும் நான்தான். இந்தக் குறிப்பு அந்தப் போர்டைப் பற்றியது. பாதியில் எழுந்து போகிறவர்கள் அதையாவது தெரிந்துகொண்டு போகட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராணுவத்தில் வண்டிப் பட்டறையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, டிஸ்சார்ஜ் வாங்கியதும் தில்லி மாயாபுரியில் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாகச் சேர்ந்தேன். முதலாளி ஒரு சர்தார்ஜி. இன்ஜின் வேலைக்கு அங்கே ஆள் நிறைய. எனக்கென்று பெயர் கிடைத்தது ஆட்டத்தில்தான். ஓடும்போது வண்டி ஆடுகிறது, நடுங்குகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை என்றால் "மதராசி உஸ்தாத்கிட்ட போ" என்பார்கள். உஸ்தாத் என்றால் தொழில் தெரிந்த வாத்தியார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் இதைப் படிக்கிற என் பழைய ஆட்கள் சிரிப்பார்கள்.

போர்டு வந்த கதை சின்னது. ஒரு வியாபாரி தன் வேனில் வைத்திருந்த கேமராவைக் காணோம் என்று போலீஸைக் கூட்டி வந்தார். எங்கள் ஆட்கள் மூன்று பேர் ஒரு நாள் முழுக்கப் போலீஸ் சௌக்கியில் உட்கார்ந்திருந்தார்கள். மறுவாரம் கேமரா அவருடைய மச்சினன் வீட்டில் கிடைத்தது. மன்னிப்புக் கேட்க மனுஷன் வரவே இல்லை. அந்தக் கோபத்தில் எழுதிய போர்டு. அதற்கப்புறம் எந்த வண்டியும் ஒரு குடையோடுகூட உள்ளே வந்ததில்லை. ஓட்டிப் பார்க்க ட்ரையல் போனாலும் காலி வண்டிதான்.

2. வீடு ஒன்று கேட்டுக்குள் வந்தது

மெட்ரோ துவாரகா வரைக்கும் வந்திராத காலம். டிசம்பர் பனி. காலை பத்து மணிக்கு மேல்தான் எதிரில் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். அப்படி ஒரு காலையில் மினி பஸ் மாதிரி ஒன்று கேட்டில் வந்து நின்றது. ஜன்னலில் பூப்போட்ட திரை. பின்பக்கம் புகைபோக்கி. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் பார்க்க வந்துவிட்டார்கள். என் சீனியர் மெக்கானிக் இக்பால் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"உஸ்தாத், கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, தனி குளியலறை இருக்கு. என் வீட்டுல இவ்வளவு கிடையாது" என்றான். அவன் சொன்னது இந்தியில். படிக்கிறவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஓட்டி வந்தவர் பெயர் நெல்லையப்பன். திருநெல்வேலிக்காரர். மத்திய அரசில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு அப்போது துவாரகாவில் ஹவுசிங் சொசைட்டி ஃபிளாட் ஒன்றில் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்று ஒரு மினி பஸ்ஸின் வெறும் அடிச்சட்டத்தை, சேசிஸை, வாங்கி, நீளத்தைக் கூட்டி, மேல்கூடு கட்டுகிற ஒரு பாடி பில்டரிடம் கொடுத்து இந்த வண்டியைச் செய்திருந்தார். வண்டி தயாரான மாதம்தான் அந்த அம்மாவுக்கு முதுகுவலி ஆரம்பித்திருக்கிறது. புற்றுநோய். முதுகெலும்புக்கு வந்துவிட்டது.

நான் தமிழ் என்று தெரிந்ததும் மனுஷன் முகம் மாறிவிட்டது.

"தம்பி, எம்மக நாக்பூர்ல இருக்கா. ஏழாம் மாசம். கட்டில விட்டு எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. இங்க இவளும் கட்டில்ல கெடக்கா. அவளும் வர முடியாது, இவளும் போவ முடியாது. பிளேன்ல ஏத்த டாக்டர் சம்மதிக்கல, நெஞ்சுல தண்ணி கோத்திருக்குங்காரு. ரயில்ல ஆக்ரா வரைக்கும் போயிட்டு வலி பொறுக்காம திரும்பிட்டோம். இந்த வண்டி ஒண்ணுதான் வழி. நேரா படுக்க வச்சே கொண்டு போயிரலாம். ஆனா அம்பத்தஞ்சு தாண்டுனா ஆடுது. அவளால தாங்க முடியல."

"நாப்பதுல ஓட்டினா?" என்று கேட்டேன்.

"நாப்பதுல ஆடல. நாப்பதுல போனா நாலு நாளாவும். ரெண்டு நாளுக்கு மேல வழியில வச்சிருக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லுதாரு. போறதுன்னா ஒரு மாசத்துக்குள்ள போயிரணுமாம். அதுக்கப்புறம் அவள அசைக்க முடியாதாம்."

ஒரு மாதம். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆட்டம் பிடிக்க எனக்கு ஒரு மாதமா?

கேட்டில் காவலுக்கு நின்ற சௌகிதார் போர்டைக் காட்டினார். நெல்லையப்பன் சார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் காலி வண்டியோடு வந்தார். மெத்தை, ஆக்ஸிஜன் சிலிண்டர்கள், கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர், பாத்திரப் பெட்டிகள் எல்லாவற்றையும் சொசைட்டி காவலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவரே இறக்கியிருக்கிறார். பின்னால் இருந்த பெரிய தண்ணீர் டேங்கையும் திறந்து விட்டிருக்கிறார். கை விரலில் கட்டுப் போட்டிருந்தது.

ஜாப் கார்டு எழுதும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். "இத வீட்டுல எழுதிக் குடுத்தா. நீங்க தமிழ்னு சொன்னேன், அதான் தமிழ்ல எழுதியிருக்கா" என்றார்.

கஸ்டமர் எழுதிக் கொடுக்கிற தாளை எந்த ஃபோர்மேனும் படிப்பதில்லை. கம்ப்ளெய்ன்டை நாங்களே எங்கள் பாஷையில் கார்டில் எழுதுவோம். கார்டு ஆங்கிலம், பட்டறைப் பேச்சு இந்தி. தமிழ் எழுத்தைப் படித்து எனக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போய் நிதானமாகப் படிக்கலாம் என்று மடித்து, கார்டுக்குப் பின்னால் கிளிப்பில் செருகினேன். கார்டில் "Vibration at 55 and above" என்று எழுதினேன். அதோடு அந்தத் தாளை மறந்தேன்.

3. ட்ரையல் ஓகே

தெரியாதவர்களுக்காக என் முறையைச் சொல்கிறேன். ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரத்தைப் பார். சீட்டும் தரையும் நடுங்கினால் பின்பக்கம் போ. ஆடுகிற ஸ்பீடில் நியூட்ரலுக்குத் தள்ளு. அப்போதும் ஆடினால் இன்ஜின் மேல் குற்றமில்லை, சக்கரமோ ஷாஃப்டோதான். சக்கரத்தின் ஆட்டம் மெதுவாகக் குலுக்கும். ஷாஃப்டின் ஆட்டம் பொடிப்பொடியாக, உள்ளங்காலில் எறும்பு ஓடுவதுபோல் இருக்கும். கடைசிச் சோதனை என் சொந்தச் சரக்கு. ஒரு கிளாஸில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் வைப்பேன். எழுபதில் போகும்போது ஒரு சொட்டு சிந்தக் கூடாது.

நாலு சக்கரத்தையும் பேலன்ஸ் செய்தோம். ஒரு ரிம் கொஞ்சம் கோணல், மாற்றினோம். குர்காவ் ரோட்டில் பனி விலகியதும் ட்ரையல் எடுத்தேன். எண்பது வரை போனேன். கிளாஸ் அசையவில்லை. பக்கத்தில் இக்பால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். கார்டில் "Trial OK" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நெல்லையப்பன் சார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் சாமான் ஏற்றி, டேங்க் நிரப்பி, மறுநாள் அந்த அம்மாவைப் படுக்க வைத்துத் துவாரகா ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஐம்பத்தைந்தில் அந்த அம்மா அலறிவிட்டார்களாம்.

மறுபடியும் இறக்கி, மறுபடியும் காலி செய்து கொண்டு வந்தார். இந்தத் தடவை எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினேன். கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களின் அச்சான ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டு போகிற நீளக் குழாய் அது. இந்த வண்டியில் அது இரண்டு துண்டு. இரண்டும் சேருகிற இடத்தை ஒரு சென்டர் பேரிங் தாங்கும். அந்தப் பேரிங்கின் ரப்பர் லேசாக வெடித்திருந்தது. "இதான்டா திருடன்" என்று இக்பாலிடம் காட்டினேன். புது ரப்பர் கடையில் இல்லை. வருவதற்கு ஆறு நாள் ஆனது. ஷாஃப்டை பேலன்ஸ் செய்யக் கொடுத்து வாங்க இன்னும் மூன்று நாள்.

மாட்டும்போது பேரிங் பிராக்கெட்டுக்கு மேல், சேசிஸ் குறுக்குச் சட்டத்துக்கு அடியில், ஒரு இரும்பு பேக்கிங் பிளேட் இருந்தது. முக்கால் இஞ்ச் கனம். பாடி பில்டர் வைத்தது. கையில் எடுத்துத் துடைத்தேன், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அந்தப் பிளேட்டின் கனம் இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

காலி வண்டியில் ட்ரையல். கிளாஸ் அசையவில்லை. இரண்டாவது "Trial OK".

4. நான் சொன்ன வார்த்தை

ஐந்தாம் நாள் நெல்லையப்பன் சார் வண்டி இல்லாமல் பஸ்ஸில் வந்தார். முகச்சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. ஆபீஸ் ரூமில் உட்கார வைத்து டீ சொன்னேன். டீயைத் தொடவில்லை.

"ஆடுது தம்பி" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் இல்லை என்று இப்போது சொல்லலாம். அப்போது அவர் மேல்தான் காட்டினேன்.

"சார், நானே ரெண்டு தடவை எண்பதுல ஓட்டிப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல. தப்பா நெனைக்காதீங்க, உடம்புக்கு முடியாதவங்களுக்குச் சின்ன ஆட்டமும் பெரிசாத்தான் தெரியும். அதுக்கு வண்டி என்ன பண்ணும்?"

அவர் டீ கிளாஸை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"அவ இல்லாதத சொல்ல மாட்டா தம்பி. முப்பது வருசம் ஸ்டெனோவா இருந்தவ. கேட்டத கேட்டபடி எழுதுவா, ஒரு சொல்லு கூட்டவும் மாட்டா, கொறைக்கவும் மாட்டா. அவ குடுத்த சீட்டுல எல்லாம் இருக்குமே. படிச்சியளா?"

கிளிப்பைத் தேடி எடுத்தேன். ஜாப் கார்டுக்குப் பின்னால் மடித்தபடியே இருந்தது. ஒரு மூலையில் கிரீஸ் பட்டிருந்தது. அவர் முன்னாலேயே பிரித்தேன். படுத்துக்கொண்டே எழுதியது போலிருக்கிறது. வரிகள் மேலே ஏறிப் போயின, ஆனால் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"ஒன்று. வண்டி புதிதாக வந்த அன்று சாமான் எதுவும் இல்லாமல் ஓட்டினோம். ஆட்டம் இல்லை. இரண்டு. சாமான் ஏற்றிய பிறகு ஐம்பத்தைந்தில் ஆரம்பிக்கிறது. டிரைவர் சீட்டில் குறைவு, கட்டிலில் அதிகம். மூன்று. தண்ணீர் டேங்க் பாதி காலியானபோது கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. தயவுசெய்து வண்டியைச் சாமானோடு பார்க்கவும். கோமதி."

பதினெட்டு நாளாக என் மேஜையில் இருந்த தாள் அது. படித்து முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டில் என் போர்டு. அதில் அந்த அம்மா கேட்டதற்கு நேர் எதிராக எழுதியிருந்தது.

"சார், படிக்கல" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. "இப்ப படிச்சாச்சுல்லா. வாங்க, போவோம்" என்று எழுந்தார்.

5. கட்டிலில் படுத்துப் பார்த்தது

சர்தார்ஜியிடம் போய், வண்டியைக் காலி செய்யாமல் துவாரகாவிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நீ எழுதின ரூல்தானே உஸ்தாத்?" என்றார்.

"தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜீப் சாவியைத் தூக்கிப் போட்டார். "ஜல்தி போ" என்றார். நானும் இக்பாலும் டூல் பாக்ஸோடு கிளம்பினோம்.

சொசைட்டி பார்க்கிங்கில் வண்டி முழுச் சாமானோடு, டேங்க் நிறையத் தண்ணீரோடு நின்றது. இக்பாலை ஓட்டச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ட்ரையலில் நான் ஸ்டியரிங் பக்கம் போகாமல் பின்னால் போய்க் கட்டிலில் படுத்தேன். ஐம்பது வரை ஒன்றுமில்லை. ஐம்பத்தைந்தில் முதுகுக்கு அடியில் ஆரம்பித்தது. பொடிப்பொடியாக, விடாமல், எலும்புக்குள். அறுபதில் பல் கிட்டிப் போயிற்று. நல்ல உடம்போடு இருந்த எனக்கே அப்படி. முன்னால் கிளாஸில் தண்ணீர் சிந்தவில்லை என்று இக்பால் கத்திச் சொன்னான். எனக்கு அந்தக் கிளாஸைத் தூக்கி வெளியே எறிய வேண்டும் போலிருந்தது.

பிறகு கீழே படுத்துப் பார்த்தபோது எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. பாடி பில்டர் ஷாஃப்டை வெறும் சேசிஸில், மேலே பாடி ஏறுவதற்கு முன் வைத்து நேர் பார்த்திருக்கிறான். காலி வண்டிக்கு அது பரவாயில்லாமல் பொருந்திற்று. சாமான் ஏறியதும் பின் ஸ்பிரிங் அமுங்குகிறது. ஆக்ஸில் சேசிஸை நோக்கி மேலே வருகிறது. சென்டர் பேரிங் மட்டும் அந்தப் பிளேட்டின் புண்ணியத்தில் கீழேயே நிற்கிறது. இரண்டு துண்டு ஷாஃப்டும் நடுவில் மடங்கிச் சுற்றுகிறது. அதுதான் ஆட்டம். பிளேட்டை எடுத்துவிட்டு, பேரிங்கை மேலே ஏற்றி, நூல் பிடித்துக் கோணம் பார்த்து முறுக்கினோம். முக்கால் மணி நேர வேலை.

மறுபடி கட்டிலில் படுத்தேன். எழுபதில், குர்காவ் ரோட்டில், ஆட்டமே இல்லை. தூக்கம் வந்திருக்கும். வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

நெல்லையப்பன் சார் மேலே ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போனார். கோமதி அம்மாவை அன்றுதான் பார்த்தேன். கட்டிலில் இருக்கிற இடம் தெரியாமல் கிடந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கண் மட்டும் நல்ல தெளிவு.

"நீங்க எழுதினது எல்லாம் சரிம்மா" என்றேன்.

"எத்தன மார்க் தம்பி?" என்று சிரித்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, "என் எழுத்து புரிஞ்சுதா? படுத்துக்கிட்டே எழுதுனேன், கோணையா போயிட்டு" என்றார்கள்.

தாமதமாகப் படித்தேன் என்று சொல்ல வந்தேன். நெல்லையப்பன் சார் அவர்களுக்குத் தெரியாமல் என் தோளை அழுத்தினார். நிறுத்திக்கொண்டேன். அவர்களிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அப்புறம் இடமே கிடைக்கவில்லை.

"எப்ப போலாம் தம்பி?"

"நாளைக்குக் காலைல பனி விலகினதும் கிளம்பலாம்மா."

"மீனாவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார்கள். மீனா அவர்கள் மகள். "அவளும் படுக்கையில, நானும் படுக்கையில. ரெண்டு கட்டிலயும் ஒட்டிப் போடச் சொல்லணும்" என்றார்கள்.

6. பனி விலகிய பிறகு

மறுநாள் காலையில் வழியனுப்பலாம் என்று இக்பாலும் நானும் போனோம். வண்டி அதே இடத்தில் நின்றது. விடியற்காலையில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். இனி நகர்த்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலாம் நாள் கோமதி அம்மா போய்விட்டார்கள்.

டாக்டர் கொடுத்த ஒரு மாதத்தில் பதினெட்டு நாள் என்னிடம் இருந்தது. முதல் நாளே அந்தத் தாளைப் படித்திருந்தால் இரண்டாம் நாள் அவர்கள் கிளம்பியிருப்பார்கள். மகளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்திருப்பார்கள். யார் சொல்லித் தேற்றினாலும் இந்தக் கணக்கு எனக்கு மாறுவதில்லை. நோய்தானே கொண்டு போயிற்று என்பார்கள். ஆமாம், நோய்தான். ஆனால் நாக்பூரைப் பறித்தது நான்.

தகனம் முடிந்து திரும்பிய அன்றே ஏணி வைத்து ஏறிப் போர்டைக் கழற்றினேன். சர்தார்ஜி வெளியே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பதில் சாமான்களை எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடுகிற ஒரு நோட்டு வைத்தோம். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

பத்து நாள் கழித்து ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு எஸ்.டி.டி. போன் வந்தது. நெல்லையப்பன் சார், நாக்பூரிலிருந்து.

"தம்பி, மக அம்மாவ கடைசியா பாக்கல. அஸ்தியவாவது தொட்டுக் கும்பிடட்டும்னு கொண்டாந்தேன். ஊருக்கு, தாமிரபரணிக்கு, இங்கிருந்துதான் போவணும்."

"வண்டி..." என்று இழுத்தேன்.

"அதச் சொல்லத்தான் கூப்புட்டேன். அஸ்திச் செம்ப அந்தக் கட்டில்லதான் வச்சிருந்தேன். பக்கத்துல ஒரு தலகாணி மட்டும். எழுவதுல வந்தேன் தம்பி. ஒரு எடத்துலயும் சாயல, அசையல. நல்ல வேல செஞ்சிருக்கிய."

ரிசீவரை வைத்தேன். முப்பது வருடத் தொழிலில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அது ஒன்றை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, இப்போது உங்களிடம் ஆட்டத்தை அளக்கக் கம்ப்யூட்டர் மிஷின் இருக்கிறது. சந்தோஷம். ஆனாலும் எங்கே ஆடுகிறது என்று கஸ்டமர் சொல்கிறாரோ, அங்கே போய் நீங்கள் உட்காருங்கள், படுக்கச் சொன்னால் படுங்கள். வண்டி எந்தப் பாரத்தோடு அவர்களுக்கு ஓட வேண்டுமோ, அந்தப் பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். அவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், கை கிரீஸாக இருந்தால் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று, அன்றைக்கே படியுங்கள்.